பாடிக்கொண்டு படியேறுகிறவள்

முதல் படியில் கால் வைப்பதற்கு முன்னாலேயே வெர்னா டில்லரி பாட ஆரம்பித்துவிடுகிறாள். அதைப் பாட்டு என்று சொல்லப் பெரிய மனசு வேண்டும். சுருதி ஒரு பக்கம் போகும், தாளம் ஒரு பக்கம் போகும், வார்த்தையோ அன்றைக்கு அவள் அடுப்பில் என்ன இருந்ததோ அது. “பீன்ஸு வெந்துச்சு, ரொட்டி தீஞ்சுச்சு, வெர்னா வந்துட்டா, வெர்னா வந்துட்டா.” ஜெர்மனியில் உள்ள இந்த அமெரிக்க ராணுவ முகாமின் குடியிருப்புக் கட்டடங்களில் ஒரு படிக்கட்டுக்கு ஆறு வீடு, தளத்துக்கு இரண்டு. படியெல்லாம் வெறும் சிமெண்டு. கீழே ஒருத்தர் தும்மினால் மூன்றாவது தளத்திலிருந்து வாழ்த்துச் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இந்தக் குரல் ஏறிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

“மிஸ் வெர்னா, அந்தப் பூனைய விட்டுருங்க, பாவம்,” என்று ஏதாவது ஒரு கதவுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை கத்தும்.

“பூனை செத்து ரொம்ப நாளாச்சு. இது அதோட ஆவி,” என்பாள் நிற்காமலே.

தலையில் ஆரஞ்சு நிறக் கம்பளிக் குல்லாய். வெயில் கொளுத்துகிற ஜூலையிலும் அதைக் கழற்றமாட்டாள். காலில் தோட்டக்காரர் போடுகிற ரப்பர் செருப்பு, நடந்தால் வாத்து மாதிரிச் சத்தம் போடும். ஆள் நல்ல உயரம், நல்ல அகலம். ராணுவத்தில் சார்ஜன்ட். மார்பு நிறையப் பதக்கம் வாங்கினவள். ஆனால் சீருடையோடு அவளை எந்த வீட்டு வாசலிலும் பார்க்க முடியாது. வேலை முடிந்ததும் தன் பழைய வேனின் பின்பக்கம் புகுந்து, ஜன்னலுக்குத் துண்டைத் தொங்கவிட்டு, உடை மாற்றிக்கொண்டுதான் ஆலயத்து வாலிபர் கூட்டத்துக்கு வருகிற பிள்ளைகளின் வீட்டுப் பக்கம் திரும்புவாள். பனி கொட்டுகிற மாதத்திலும் அப்படித்தான். உள்ளே அவள் முட்டி மோதுகிறபோது வேன் ஆடுவதைப் பார்த்துப் போகிறவர் வருகிறவரெல்லாம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்பாள்.

பகலில் அவளுக்கு வேலை சாமான் அனுப்புகிற அலுவலகத்தில். இங்கே எந்தக் குடும்பமும் ஒரே இடத்தில் வேர் விடாது. இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. அப்புறம் உத்தரவு வரும், பெட்டி கட்டுகிறவர்கள் வருவார்கள், கட்டில் முதல் கரண்டி வரை மரப்பெட்டிக்குள் போகும். யாருக்கு எத்தனை பவுண்டு எடை அனுமதி, எது கப்பலில் போகும், எது விமானத்தில் போகும் என்று பார்த்து அனுப்பிவைப்பது அவள் பொறுப்பு. அதனால் எதைப் பார்த்தாலும் எடைதான் அவள் வாயில் வரும். யாராவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால் என்ன ஆச்சு என்று கேட்கமாட்டாள். “இன்னிக்கு எத்தனை பவுண்டு?” என்றுதான் கேட்பாள். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். கணக்குப் பாடத்தில் தோற்றால் பத்துப் பவுண்டு. காதலித்தவன் கைவிட்டால் முப்பது. அப்பா போர்முனையிலிருந்து பேசி ரொம்ப நாளாகிவிட்டால் எண்ணைச் சொல்லாமல் தரையைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் அவள் கேட்பதில்லை. பக்கத்தில் போய் நின்றுகொள்வாள்.

திங்கட்கிழமை சாயந்தரம் ஆலயத்துக்குக் கீழே உள்ள அறையில் வாலிபர் கூட்டம். சிப்பாய்களின் பிள்ளைகள், பதின்மூன்று வயதிலிருந்து பள்ளி முடிக்கிற வயது வரை. விளையாட்டு உண்டு, பாட்டு உண்டு, கடைசியில் ஆண்டவரைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு உண்டு. அங்கே சம்பளமில்லாமல் ஊழியம் செய்கிறவர்களில் வெர்னாவும் ஒருத்தி. ஆலயத்து வேனை ஓட்ட ஆள் வேண்டும் என்று படைப்போதகர் அல்வின் க்ரோவ் கேட்டதற்கு வந்தவள், அந்த வேன் ஓடாமல் நின்றுபோன பிறகும் போகாமல் தங்கிவிட்டாள். பேசத் தெரியாது. மற்றவர்கள் உருக்கமாக நீட்டிப் பேசுகிற இடத்தில் அவள் பேச்சு ஆரம்பிக்கும்போதே முடிந்துவிடும். “கர்த்தர் உங்களைக் கைவிடமாட்டார். அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேட்டா தெரியாது. பீட்சா ஆறுது, எந்திரிங்க.” யார் என்ன சொன்னாலும் சரி, அந்தப் பிள்ளைகள் ஞாபகம் வைத்திருப்பது இந்தப் பேச்சைத்தான்.

அந்த அறையில் ஒரு நீளச் சோபா உண்டு. பழுப்பு நிறம், பஞ்சு வெளியே தெரியும், யாரோ ஒரு குடும்பம் எடை கூடிப்போய் விட்டுவிட்டுப் போனது. அதில் இடம் பிடிக்க ஒரு வழக்கம். நினைத்தவர் நினைத்த இடத்தில் உட்கார முடியாது. வேறு முகாமுக்குப் போகிற பிள்ளை தன் கடைசித் திங்கட்கிழமையன்று புதிதாக வந்த ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் இடத்தில் உட்காரவைக்கும். அப்புறம் அது அந்தப் பிள்ளையின் இடம். கையைப் பிடித்து உட்காரவைக்காமல் இடம் மாறாது. எந்த ஊர் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத பிள்ளைகள் இவர்கள். ஒரு முழச் சோபா தன்னுடையது என்றால் அவர்களுக்கு அது பெரிய சொத்து. ஜூன் மாதம் பாதிப் பேர் கிளம்புவார்கள். அந்தத் திங்கட்கிழமை அந்த அறையில் நிற்க முடியாது, அவ்வளவு அழுகை. வெர்னா ஒரு மூலையில் பீட்சா அட்டைகளை மடித்துக்கொண்டே இருப்பாள். ஒரே அட்டையைத் திரும்பத் திரும்ப மடிப்பாள். பகலில் அவர்கள் சாமானை எடை போட்டு அனுப்பினவளும் அவள்தானே.

அவள் மட்டும் எங்கேயும் உட்காரமாட்டாள். கூட்டம் முடியும்வரை நின்றபடிதான்.

சோபாவின் இடது ஓரம் கோரா பிக்ஸ்பியின் இடம். பதினாறு வயது, சுருட்டை முடி, இதோடு ஏழு பள்ளிக்கூடம் பார்த்தவள். சிரித்தால் மூக்கு சுருங்கும். வெர்னாவின் கிண்டலுக்குச் சளைக்காமல் எதிர்க்கிண்டல் செய்கிறவள். வேலிக்கு வெளியே இருக்கிற ஜெர்மன்காரர்களின் ஊரில் ஒரு ரொட்டிக்கடை. அங்கே உள்ள கிழவி, கோரா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எள் தூவிய ரொட்டியை எடுத்துவைப்பாளாம். “எந்த ஊர்லயும் எந்தக் கடைக்காரியும் எனக்கு இப்படிச் செஞ்சதில்ல மிஸ் வெர்னா. நான் யாருன்னு அவளுக்குத் தெரியுது,” என்று ஒரு தடவை வேனில் வரும்போது சொன்னாள். வெர்னாவுக்கு அது ஒரு சின்ன விஷயமாகத்தான் பட்டது. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் ஜார்ஜியாவில் ஒரே வீட்டில். அவளைத் தெரியாத கடைக்காரன் அந்த ஊரில் கிடையாது.

கோராவின் அப்பா வேட் ஆப்கானிஸ்தானில் இருந்தார். அவர் திரும்பி வந்ததும் அடுத்த கோடையில் குடும்பம் டெக்சாஸுக்குப் போக வேண்டும் என்பது முன்னாலேயே தெரிந்துபோன சேதி.

இப்போது அந்த நவம்பர் மாதத்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் ஆரஞ்சுக் குல்லாயைப் பார்த்து இவளுக்குக் கிறுக்கு என்று நினைப்பீர்கள்.

போர்முனையில் ஒருவர் இறந்தால், அவர் வீட்டுக்குச் சேதி போய்ச் சேரும்வரை அங்கிருந்து யாரும் வெளியே பேச முடியாது. தொலைபேசி, கணினி எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். இங்கே ஃபோன் வராமல் போனாலே பெண்களுக்குப் புரிந்துவிடும், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. யாருக்கு என்பதுதான் தெரியாது. அப்புறம் சேதி சொல்ல இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பதக்கம் குத்திய கறுநீலச் சீருடையில் ஒரு சார்ஜன்ட் அல்லது அதிகாரி. கூட ஒரு போதகர். அந்த ஷூ சத்தம் படிக்கட்டுக்குள் நுழைந்தால் ஆறு வீட்டிலும் மூச்சு நின்றுவிடும். முதல் தளத்தில் நிற்கிறதா, தாண்டிப் போகிறதா? இரண்டாவதா? சத்தம் தன் கதவைத் தாண்டிப் போன பிறகு, தாண்டிப் போனதே என்று ஒரு கணம் நிம்மதி வரும் பாருங்கள், அதை நினைத்து ஆயுசு முழுக்க வெட்கப்படுகிற பெண்கள் இந்தக் கட்டடங்களில் இருக்கிறார்கள்.

அந்த வாரம் ஃபோன் அடைபட்டிருந்தது. அன்றைக்கு ஆலயத்தில், அதற்கு முன்னால் இறந்துபோன வேறொரு சிப்பாய்க்கு நினைவு ஆராதனை. எல்லோரும் கறுநீலச் சீருடை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வெர்னாவின் வேன் கிளம்பவில்லை. போதகர் க்ரோவ் தன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வழியில் பிக்ஸ்பி வீட்டுக் கட்டடம். கோரா கூட்டத்துக்குக் கேக் கொண்டுவந்து விட்டுப்போன தட்டு வெர்னாவின் பையில் ரொம்ப நாளாகக் கிடந்தது.

“ஒரு நிமிஷம் நிறுத்துங்க போதகரே, இதக் குடுத்துட்டு வந்துடறேன்.”

“நானும் வரேன். லின்னெட்டப் பாத்து நாளாச்சு. படியேறினா முழங்காலுக்கும் நல்லது.”

லின்னெட் கோராவின் அம்மா. இரண்டு பேரும் ஏறினார்கள். அந்தப் போதகர் எத்தனையோ வீட்டுக்கு அந்தச் சேதியைச் சுமந்துகொண்டு போனவர். அன்றைக்கு அவருக்கும் தோன்றவில்லை. நினைவு ஆராதனையின் பாரம் இரண்டு பேர் மண்டையிலும் அப்படி உட்கார்ந்திருந்தது. முதல் தளம் தாண்டியபோது, உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி ஒன்று நின்றது. இரண்டாவது தளத்தில் ஒரு குழந்தையின் அழுகை, யாரோ வாயைப் பொத்தின மாதிரி நின்றது. வெர்னா அதைக் கேட்டாள். கேட்டும் புரியவில்லை. மூன்றாவது தளத்தில் கதவைத் தட்டினாள்.

கோராதான் திறந்தாள். பின்னால் லின்னெட், சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோராவின் கண் போதகரின் சட்டையில் இருந்த சிலுவைக்குப் போனது, வெர்னாவின் பதக்கங்களுக்குப் போனது, பளபளவென்று மின்னுகிற ஷூவுக்குப் போனது. அந்த முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று. வெர்னாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கையில் இருந்ததை முன்னால் நீட்டினாள்.

“கேக்குத் தட்டு,” என்றாள். “கண்ணு, கேக்குத் தட்டுதான். வேற ஒண்ணும் இல்ல. வேற ஒண்ணுமே இல்ல.”

கோரா தட்டை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். ஓங்கி அறைந்திருந்தால்கூட வெர்னாவுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். தூங்குகிற குழந்தை இருக்கிற வீட்டுக் கதவைச் சாத்துவது போல மெதுவாகச் சாத்தினாள்.

மறுநாள் லின்னெட் அலுவலகத்துக்கே வந்தாள். வெர்னா எழுந்து நின்றாள்.

“உக்காரு. நீ வேணும்னு செய்யல, தெரியும்,” என்றாள் லின்னெட். “வேட் காலையில பேசிட்டாரு. நல்லா இருக்காரு. ஆனா வெர்னா, இனிமே எங்க படியில ஏறினா சத்தம் போட்டுக்கிட்டு ஏறு. உயிரோட இருக்கற மனுஷி மாதிரி ஏறு. நீதான்னு கீழயே தெரியணும்.”

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தப் பாட்டும் குல்லாயும் ரப்பர் செருப்பும்.

கோரா அதற்கப்புறம் கூட்டத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வெர்னா பாடிக்கொண்டே மூன்றாவது தளத்துக்கு ஏறினாள். லின்னெட் கதவைத் திறந்து, “தலைவலியாம்,” என்பாள். அடுத்த வாரம், “பரீட்சையாம்.” அதற்கடுத்த வாரம் உதட்டைப் பிதுக்குவாள். உள்ளே ஓர் அறைக் கதவு சாத்தியிருக்கும்.

“எத்தனை பவுண்டு கண்ணு?” என்று வெர்னா கூடத்திலிருந்தே கேட்பாள். அந்தக் கதவு திறக்காது. “சரி. அடுத்த வாரம் கேக்கறேன்.”

சோபாவின் இடது ஓரம் காலியாகவே கிடந்தது. கூட்டம் நிரம்பி வழிந்து புதுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்த நாளிலும் அங்கே யாரையும் அவள் உட்காரவிடவில்லை. போதகருக்கே பொறுக்கவில்லை.

“அந்தப் பொண்ணு வரப்போறதில்ல வெர்னா. ஒரு இடத்தக் காலியா வெச்சு என்ன பண்ணப் போற?”

“வெச்சிருக்கப் போறேன்.”

“சில்லுன்னு இருக்கற தரையில ஒரு பிள்ளை உக்காந்திருக்கு.”

“மெத்தை கொண்டுவந்து போடறேன். அந்த இடம் அவளோடது. அவளா கையப் பிடிச்சுக் குடுக்காம மாறாது. விதிய நான் போடல போதகரே, பிள்ளைங்க போட்டது.” மறுநாள் நிஜமாகவே தன் கட்டிலில் இருந்த மெத்தையைச் சுருட்டிக் கொண்டுவந்து போட்டாள். அவள் எதன்மேல் படுத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

வசந்தத்தில் வேட் திரும்பி வந்தார். முழு உடம்போடு வந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். திரும்பிய படையை வரவேற்ற நாளில் முகாமின் உடற்பயிற்சிக் கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. வெர்னா தூரத்தில் நின்று பார்த்தாள். கோரா அப்பாவைக் கட்டிப்பிடித்தாள். ஆனால் கைகளை அவர் முதுகில் வைக்கவில்லை, இரண்டு முஷ்டியாக மடக்கித் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவர் அணைப்புக்குள் நின்றாள். பார்த்தவர்கள் கூச்சம் என்று நினைத்திருப்பார்கள்.

மே மாதம் வேட் சாமான் அனுப்ப நாள் குறிக்க அலுவலகத்துக்கு வந்தார். வேலை முடிந்ததும் நாற்காலியில் இருந்து எழாமல் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“எங்க கோராவுக்கும் உனக்கும் என்ன வெர்னா? உன் பேர எடுத்தா எந்திரிச்சுப் போயிடறா. லின்னெட் அந்தத் தட்டுக் கதையச் சொன்னா. அதுக்கா இத்தனை நாளு?”

“கோபமா இருக்கா. இருக்கட்டும். அவளுக்கு அந்த உரிமை இருக்கு.”

“எங்கிட்டயும் அப்படித்தான் இருக்கா,” என்றார் அவர். “நான் என்ன தட்டக் குடுத்தேன்?”

வெர்னா நாள் குறித்த தாளை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

ஜூன் மாதத்தின் அந்தத் திங்கட்கிழமையும் வந்தது. கிளம்புகிற பிள்ளைகள் ஒவ்வொருவராகப் புதியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். வெர்னா அட்டைகளை மடித்தாள். வாசலைப் பார்த்தாள். மறுபடி மடித்தாள். கோரா வராமலே எல்லோரும் போன பிறகு, விளக்கை அணைக்கிற வேலையைப் போதகர்தான் செய்ய வேண்டியிருந்தது.

பிக்ஸ்பி குடும்பம் புறப்படுகிற நாளன்று காலையில் வெர்னா விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். கீழே வண்டி நின்றது. வேட் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார், லின்னெட் வீட்டுச் சாவியை ஒப்படைக்கப் போயிருந்தாள். “மேலதான் இருக்கா, போய்ப் பாரு,” என்றார் வேட். வெர்னா பாடிக்கொண்டே ஏறினாள். மூன்றாவது தளத்தில் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சாமான் இல்லை. கோரா ஜன்னலுக்குக் கீழே வெறுந்தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு காகிதப் பை, அதில் எள் ரொட்டி.

வெர்னா வாசலைத் தாண்டவில்லை.

“உள்ள வரட்டுமா?”

“வேண்டாம். நான் வரேன்.” கோரா எழுந்து வெளியே வந்து, கதவை ஒட்டி நின்றாள். “உங்க மேல கோபம்னு நெனச்சீங்களா?”

“ஆமா.”

“கோபமே இல்ல மிஸ் வெர்னா.” பையின் வாயை மடித்தாள், பிரித்தாள். “அன்னிக்குக் கதவத் தொறந்தேன் இல்ல? உங்க ரெண்டு பேரையும் பாத்தேன். அப்பா போயிட்டாருன்னு தெரிஞ்சுது. அப்போ எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா?”

“சொல்லு,” என்றாள் வெர்னா.

“டெக்சாஸ் போக வேண்டாம். அதான் தோணிச்சு. இனிமே இங்கயே இருந்துரலாம்னு. அழுக வர்றதுக்கு முன்னாடி அது வந்துச்சு. அப்பாவ நெனச்சதுக்கு அப்புறமா வரல மிஸ் வெர்னா. அப்பாவ நெனக்கறதுக்கு முன்னாடி வந்துச்சு.” குரல் உயரவே இல்லை. “நீங்க என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னீங்க. நீங்க அதப் பாத்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

“ஏதோ ஒண்ணு பாத்தேன். என்னன்னு எனக்குத் தெரியல.”

“இப்போ தெரிஞ்சிருச்சு.”

“தெரிஞ்சிருச்சு.”

“அவரு வந்து கட்டிப் பிடிச்சாரு. எந்தக் கையால அவரத் தொடறதுன்னு தெரியல எனக்கு.”

கீழே வேட் ஏதோ ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டுகிற சத்தம் கேட்டது. கூட்டத்தில் பேசுகிறவர்களில் யாராவது அங்கே நின்றிருந்தால் நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருப்பார்கள். வெர்னாவுக்கு அவள் கேட்கத் தெரிந்த ஒன்றுதான் வந்தது.

“எத்தனை பவுண்டு கண்ணு?”

கோராவுக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார்த்தாள். “தெரியல. தூக்க முடியல.”

“எங்க ஆபீஸ்ல ஒரு விதி இருக்கு. எடை கூடிப் போச்சுன்னா, கூடினத இங்கயே விட்டுட்டுப் போகணும். எடுத்துட்டுப் போக விடமாட்டோம். எங்கிட்ட விட்டுட்டுப் போ.”

“நீங்க அத வெச்சு என்ன பண்ணுவீங்க?”

“பெரிய உடம்புதானே. எங்கயாவது வெச்சுக்குவேன்.” தன் ரப்பர் செருப்பைக் குனிந்து பார்த்து, “அந்த ஷூவப் போட்டுக்கிட்டு இந்தப் படியில ஏறினவ நான். பாதி என் சாமான்தான் அது,” என்றாள்.

கோரா தலையாட்டினாள். நம்பினாளோ இல்லையோ, அது அவளுக்குத்தான் தெரியும். கீழேயிருந்து ஹாரன் அடித்தது.

“என் இடத்த யாருக்காவது குடுத்துருங்க.”

“என்னால குடுக்க முடியாது. நீ கையப் பிடிச்சு உக்காரவெச்சாத்தான் உண்டு.”

“இப்பவுமா? வண்டி நிக்குது மிஸ் வெர்னா.”

“விதி விதிதான்.”

கோரா அவளையே பார்த்தாள். மூக்கு சுருங்கியது, ஆனால் சிரிப்பு வரை போகவில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெர்னாவின் கையைப் பிடித்தாள். படிக்கட்டின் மேல் படிக்கு, அன்றைக்கு அந்த ஷூ வந்து நின்ற இடத்துக்குக் கூட்டிவந்தாள். “இது சோபான்னு வெச்சுக்கோங்க,” என்று தோளை அழுத்தி உட்காரவைத்தாள். எந்தக் கூட்டத்திலும் உட்காராத வெர்னா சிமெண்டுப் படியில் உட்கார்ந்தாள். கோரா குனிந்து, இரண்டு கையாலும் அந்த ஆரஞ்சுக் குல்லாயோடு சேர்த்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். கை விரிந்துதான் இருந்தது. அப்புறம் இறங்கி ஓடினாள். காலடிச் சத்தம் ஒவ்வொரு தளமாகக் குறைந்தது. காரின் கதவு ஒன்று சாத்துகிற சத்தம். இன்னொன்று.

வெர்னா எத்தனை நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாளோ. எழுந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, கனமாக, ஒரு சத்தமும் போடாமல் இறங்கினாள். இரண்டாவது தளத்துக்கு வந்தபோது ஒரு கதவு உள்சங்கிலி விடுகிற அளவுக்குத் திறந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு சின்னப் பெண். அவள் புருஷன் இன்னும் திரும்பவில்லை. உதடு வெளுத்திருந்தது.

“நீங்கதானா மிஸ் வெர்னா.” மூச்சை விட்டாள். “ஏறினது நீங்கதான்னு தெரியும். இருந்தாலும், எறங்கறப்போ பாட்டுச் சத்தமே இல்ல. எனக்கு என்னமோ...”

“தப்புதான் கண்ணு. என் தப்பு,” என்றாள் வெர்னா.

கதவு சாத்திக்கொண்டது. வெர்னா குல்லாயைக் கழற்றி அதாலேயே முகத்தைத் துடைத்தாள். திரும்ப மாட்டிக்கொண்டாள். அடுத்த படியில் கால் வைப்பதற்கு முன்னால், கீழ்த் தளம் வரை கேட்கும்படி ஆரம்பித்தாள்.

“பெட்டி போயிருச்சு, காரும் போயிருச்சு, வெர்னா வந்துட்டா, வெர்னா வந்துட்டா.”